இராயப்பரின் மேற்சட்டை

…அல்லது பெரிசையே எடுத்துவிடலாம், பன்னிரண்டு புத்தகம், அலுமாரியின் மேல்தட்டு முழுக்கப் பச்சை அட்டையாக நின்றால் பார்க்கிறவனுக்கு ஒரு மரியாதை வரும், வந்து என்ன, இந்த நெடுந்தீவில் இவன் வீட்டு அலுமாரியை யார் பார்க்கப் போகிறார்கள், பக்கத்து வளவு மாடு கல்வேலிக்கு மேலால் தலையை நீட்டிப் பார்க்கும், அதுதான் பார்க்கும்… இன்னாசித்தம்பி மேசையில் கிடந்த இரண்டு புத்தகங்களையும் இடம் மாற்றி வைத்தான், பச்சை வலப்பக்கம், கபில நிறம் இடப்பக்கம், காலையிலிருந்து இது எத்தனையாவது தடவை என்று கர்த்தருக்குத்தான் தெரியும். இரண்டும் யோவான் சுவிசேஷத்துக்கு எழுதிய வியாக்கியானம், இரண்டும் இங்கிலீசு, பச்சை பன்னிரண்டு புத்தக வரிசையில் ஒன்று, கபிலம் ஆறு புத்தக வரிசையில் ஒன்று. ஊர்காவற்றுறைப் போதகர் சரவணமுத்து ஐயா போன கிழமை வத்தைப் படகில் அனுப்பிவைத்தார், கூடவே ஒரு கடிதம்: மிஷன் துரை சொந்த நாட்டுக்குக் கப்பலேறுகிறார், அவரிடம் இரண்டு வியாக்கியான வரிசை இருக்கிறது, அதில் ஒன்று நெடுந்தீவுப் பள்ளிக்கூட வாத்தியாரின் சொந்தப் படிப்புக்கு, மாதிரி பார்த்துப் பிடித்ததைச் சொல்லும், சனிக்கிழமை வத்தையில் புத்தகமும் பதிலும் வரவேண்டும், பதில் வராவிட்டால் இரண்டு வரிசையும் இறுப்பிட்டிக்கு. இன்று சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாடும் முடிந்துவிட்டது. முன்னால் கிடக்கிற தாளில் 'கனம் போதகர் ஐயா அவர்களுக்கு, எனக்கு விருப்பமான வரிசை' என்று எழுதி, அதற்குப் பிறகு பேனையில் மை காய்ந்து, தொட்டு, காய்ந்து, தொட்டு…

இறுப்பிட்டி என்றதுமே வயிறு எரிந்தது. அங்கே உபதேசியாராக இருக்கிற தியாகலிங்கத்திடமும் போதகர் கேட்டிருக்கிறார், அந்த மனிதர் சொன்ன பதில் என்ன தெரியுமா, 'எனக்கு எதெண்டாலும் சரி ஐயா, கர்த்தர் தாறது.' எதென்றாலும் சரியாம்! அப்படிச் சொல்ல ஒரு மனம் வேண்டும், அல்லது மனமே இல்லாமல் இருக்கவேண்டும், தியாகலிங்கம் எந்தப் புத்தகத்தையும் திறக்கப்போவதில்லை, துடைத்து அடுக்கிவைத்து, வருகிறவர்களுக்குத் தேத்தண்ணியோடு காட்டப்போகிறார், திறக்கிறவனுக்கல்லவா தலையிடி. இவன் ஒரு கிழமையாகப் பச்சையோடு மல்லுக்கட்டுகிறான், ஒவ்வொரு பக்கத்திலும் கால்வாசி கிரேக்க எழுத்து, அது போகட்டும், கிரேக்கம் எனக்கு வராது என்று ஒதுக்கலாம், இங்கிலீசு வரும் என்று இத்தனை வருசமாக நினைத்துக்கொண்டிருந்தானே, அதுவல்லவா அவமானம், பயிற்சிப் பாடசாலையில் படித்த இங்கிலீசு ஒரு வசனத்தின் தலையில் கிளம்பி வால் வருமுன் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. அகராதியைத் தூக்கினால் எஸ் எழுத்துப் பக்கங்கள் முழுவதும் கறையானுக்குப் போய்விட்டன, இந்தப் பச்சைப் புத்தகக்காரன் என்னவென்றால் எஸ்ஸில் தொடங்குகிற சொல்லாகவே பொறுக்கிப் பொறுக்கி எழுதியிருக்கிறான், எனக்கென்றே எழுதினானோ, சனியன்… வேத வியாக்கியானத்தைப் போய்ச் சனியன் என்கிறேனே, கர்த்தாவே மன்னியும்.

சரி, எதற்கு இவ்வளவு யோசனை, ஒரே ஒரு இடத்தை வைத்துப் பார்த்தால் போதாதா, கடலிலே குதித்த இடம். எந்த வரிசை அந்த இடத்துக்கு நேரான பதில் சொல்கிறதோ அந்த வரிசை, விசயம் முடிந்தது, அப்படித்தான் திங்கட்கிழமை தீர்மானித்தான். உயிர்த்தெழுந்த ஆண்டவர் விடியற்காலையில் கரையில் நிற்கிறார், சீடர்கள் வள்ளத்தில், இராமுழுதும் ஒரு மீனும் படவில்லை, கரையில் நிற்கிறவர் ஆண்டவர்தான் என்று கேட்டதும் பேதுரு, உடம்பில் துணியில்லாமல் தொழில் செய்துகொண்டிருந்த பேதுரு, மேற்சட்டையை எடுத்துக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறான். இதை இவன் எத்தனை தரம் வாசித்திருப்பான், ஒருநாளும் மனதில் தட்டவில்லை, பங்குனி மாதம் கரையோரக் குடிமனையில் கூட்டம் வைத்து வாசித்தபோதுதான்… ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள், எல்லாரும் கத்தோலிக்கச் சனம், வாத்தியார் நன்றாக வாசிப்பார் என்று கேட்க வந்தவர்கள், பேதுரு, பேதுரு என்று இவன் அரை மணித்தியாலம் வாசித்து முடிய, மீன் உலர்த்துகிற மதலேனா கையை உயர்த்தி, 'வாத்தியார், உந்தப் பேதுரு எண்டது எந்தத் துறை ஆள்?' என்று கேட்டாள். எங்கட இராயப்பரெல்லோ என்று பக்கத்தில் இருந்த ஒருவர் சொல்லிக்கொடுத்தார், கத்தோலிக்கக் கோயில் மணிச்சத்தத்தில் பிறந்து வளர்ந்த இவனுக்கு அந்தப் பெயர் எப்படி வாயில் வராமல் போனது, புரட்டஸ்தாந்து மிஷனுக்கு வந்து நாலு வருசத்தில் இராயப்பர் பேதுருவாகி, அருளப்பர் யோவானாகி… அதோடு விட்டாளா, 'இராயப்பரோ! அப்ப அந்த மனுசனுக்கு என்ன விசரே? கடலுக்கை குதிக்கிறவன் உடுத்திருக்கிறதையும் கழட்டிப்போட்டெல்லோ குதிப்பான், உவர் ஏன் எடுத்துக் கட்டினவர்?' சிரிப்பென்றால் சிரிப்பு, பனங்கூடல் வரைக்கும் கேட்டிருக்கும். கடலில் இறங்குகிற சனம் கேட்கிற கேள்வி, கடற்கரையில் பிறந்தவன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். கூட்டத்துக்குப் புறத்தியாக, வள்ளத்தடியில், வலை பார்க்கிற சாட்டில் இருந்தவர் மட்டும் சிரிக்கவில்லை, எழும்பிப் போய்விட்டார். அவர் இவனைப் பெற்ற அப்பு, சந்தியோகு.

பச்சை என்ன சொல்கிறது? ஒன்றரைப் பக்கம் சொல்கிறது. துணியில்லாமல் என்ற சொல்லுக்கு உள்ளாடையோடு என்றும் பொருள் கொள்ளலாமாம், கொள்ளக்கூடாது என்று வேறொருவர் சொல்கிறாராம், கட்டினான் என்றால் உடுத்தானா, இடுப்பில் செருகினானா என்பதில் நாலு கட்சி, ஐந்தாவது கட்சிக்கு ஒன்பதாம் புத்தகத்தின் பின்னிணைப்பைப் பார்க்கவும். ஒன்பதாம் புத்தகம் ஊர்காவற்றுறையில் கிடக்கிறது! அது கிடக்கட்டும், ஏன் கட்டினான், அதைச் சொல்லப்பா, ஒன்றரைப் பக்கத்தில் எங்கேயாவது ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவதற்கென்ன… கபிலம் அதைவிட மோசம், இரண்டே வரி, எந்த அவசரத்திலும் நாம் ஒழுங்கையும் அடக்கத்தையும் கைவிடலாகாது, ஞாயிறு ஆராதனைக்கு எப்படி உடுத்திக்கொண்டு போகிறோம் என்பதை வாசகர் சிந்திப்பாராக. சிந்தித்தான். சிந்தித்துவிட்டுக் கபிலத்தைத் தூக்கிச் சுவரில் எறியலாமா என்றும் சிந்தித்தான். இரண்டு பேரும் நீந்தத் தெரியாதவர்கள், அதுதான் சங்கதி, நனைந்த துணி காலைச் சுற்றினால் எப்படி இழுக்கும் என்று அவர்களுக்கு யார் சொல்வது, மதலேனாவைக் கப்பலேற்றி அனுப்பினால் ஒரு மணித்தியாலத்தில் இரண்டு பேரையும் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

மதலேனாவுக்காகவா இந்தப் பாடு, அவள் கேட்டதை அன்றைக்கே மறந்திருப்பாள். நாலு வருசத்துக்கு முன்னால், மிஷன் பள்ளிக்கூடத்து வேலையும் பரிமளத்தின் கலியாணப் பேச்சும் ஒன்றாக வந்தபோது, வேலைக்காகச் சபை மாறினான் என்று பாதி ஊரும் பெண்ணுக்காக மாறினான் என்று மீதி ஊரும் கதைத்தது, வேதத்தைத் தன் கண்ணால் வாசிக்கவேண்டும் என்று இவனுக்கு ஒரு வெறி இருந்ததை ஒருவரும் நம்பவில்லை, அப்புவாவது நம்பட்டும் என்று சொல்லப் போனான். அப்பு வலையில் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தார், நிமிரவேயில்லை. 'சுவாமியார் சொல்லித்தான் எனக்கு விளங்கவேணும் எண்டில்லை அப்பு, நானே வாசிச்சு விளங்கிக்கொள்ளுவன்.' என்ன வாய், என்ன திமிர், இருபத்தாறு வயதில் எல்லாருக்கும் அப்படித்தானோ… கத்துவார், அடிப்பார் என்று பார்த்தான், அடித்திருந்தால் நல்லது, அப்பு பல்லால் நூலை அறுத்துத் துப்பிவிட்டு, 'சரி. விளங்கின பிறகு வந்து சொல்லு' என்றார். அவ்வளவுதான். அதைச் சவாலாக எடுத்துக்கொண்டு வந்தான், ஒரு மாதத்தில் போகலாம், தவக்காலம் முடியப் போகலாம், அடுத்த சோளகக் காற்றுக்குப் போகலாம்… விளங்கினால்தானே போவதற்கு, வாசிக்க வாசிக்க விளங்காத இடங்கள் கூடிக்கொண்டு வருகின்றன, விளங்கியது என்று நினைத்திருந்த இடங்களும் கழன்று விழுகின்றன. பன்னிரண்டு புத்தகம் வந்தால் ஒருவேளை… அப்பு வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு போய், அப்பு, இராயப்பர் ஏன் கட்டினவர் தெரியுமோ என்று தொடங்க ஒரு வரி, ஒரே ஒரு வரி கிடைத்தால் போதும் என்று நிற்கிறான் மனிதன், இவர்கள் பின்னிணைப்பைப் பார் என்கிறார்கள்.

இடையில் ஒரே ஒரு தரம் அப்பு வாய் திறந்தார். இரண்டு கல்வேலிக்கும் நடுவில் ஒடுங்கின ஒழுங்கை, தோளில் வலையோடு அப்பு, எதிரில் இவன், எப்படியும் முட்டத்தான் வேண்டும், நின்றான், 'வழியை விடும், வாத்தியார்' என்றார். விடு என்று சொல்லவில்லை, விடும். ஒரு ம். விதானையாருக்கு, தபால்காரருக்கு, வேறு ஊரிலிருந்து மாடு வாங்க வருகிற மனிதருக்குப் போடுகிற ம். நீ, டேய் என்று ஏசி வளர்த்த பிள்ளைக்கு நீர்! அடியைவிட அது நொந்தது, இன்றைக்கும் நோகிறது. அந்த ஒரு எழுத்துக்கு எந்த வியாக்கியானத்தில் பொருள் தேடுவது, மரியாதையா, கோபமா, நீ ஆரோ நான் ஆரோ என்றாரா… பிறகு ஒருநாள் மிஷன் வேதத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று பட்டது, அப்போஸ்தலர் சந்தியோகு அதில் இல்லை, யாக்கோபு என்று இருக்கிறார், அப்புவின் பெயர் இவனுடைய வேதத்தில் ஓரிடத்திலும் இல்லை. அதற்கு யாரைக் குற்றம் சொல்வது, ஒருவரையும் சொல்ல ஏலாது, அதுதான் எரிச்சல். அப்படியிருக்க, வெள்ளிக்கிழமை தோறும் இவன் வீட்டுக் கல்வேலியில் பனையீர்க்கில் கோர்த்த மீன் தொங்குகிறது, வைத்தவரைக் கண்டவரில்லை, ஒட்டி, விளைமீன், சில கிழமை ஓரா. பெற்ற பிள்ளைக்கு மீன் என்கிறாள் பரிமளம், கத்தோலிக்கனைப்போல வெள்ளிக்கிழமை இறைச்சி தின்னாதே என்று சொல்லாமல் சொல்கிறார் என்கிறான் இவன், 'உங்களுக்கு மீனிலையும் முள்ளுத்தான் தெரியுது' என்று அவள் குழம்பு வைக்கப் போய்விடுவாள்.

'இஞ்சருங்கோ, சின்னக்குட்டியண்ணை சங்கு ஊதியாச்சு, கேட்டதோ இல்லையோ?' பரிமளம் குசினி வாசலில் அகப்பையோடு வந்து நின்றாள். அவள் வேலணையில் மிஷன் வீட்டில் பிறந்தவள், பேதுரு அவளுக்குப் பிறந்த நாள் முதல் பேதுருதான், கொடுத்துவைத்தவள். வத்தையை ஓட்டுகிற தண்டையல் சின்னக்குட்டி முதல்தரம் ஊதினால் சாமான் ஏற்று, இரண்டாம்தரம் ஊதினால் ஆள் ஏறு, மூன்றாந்தரம் ஊதுவதில்லை, போய்விடுவார். இது எத்தனையாவது? 'ரெண்டாவது' என்றாள். ஐயோ… பச்சை என்று எழுதப் போனான், மை இல்லை, தொட்டுக்கொண்டு வந்தால் கபிலம் என்று எழுதலாமோ என்று கை நிற்கிறது, ஆறு புத்தகமென்றால் வாசித்து முடிக்கலாம், முடித்து என்ன, ஞாயிறு உடுப்பைப் பற்றிச் சிந்திக்கவா… 'ஏதாவது ஒண்டை எழுதுங்கோவன். பேதுரு சட்டையைப் போட்டாலென்ன, போடாட்டிலென்ன, வத்தை நிக்காது.' 'உனக்கு விளங்காது!' என்று கத்தினான். 'எனக்கு விளங்காதுதான்' என்றாள் அவள், குரல் உயரவில்லை, 'விளங்கினாத்தான் மாமா வீட்டை போவன் எண்டு அடம்பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள். விளங்காட்டி வரக்கூடாது எண்டு அந்த மனுசன் சொன்னவரே?' சொன்னார்தானே, விளங்கின பிறகு வந்து சொல்லு என்றால் வேறென்ன அர்த்தம், தமிழ் தெரியாதா இவளுக்கு… எழுதி முடியாத தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, இரண்டு புத்தகத்தையும் சாக்குத் துணியில் சுற்றிக் கட்டி, சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே பாய்ந்தான். வழியில் எழுதலாம், பென்சில் இருக்கிறது.

வழியில் யார் எழுதுவது, சோளகக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது, தெருப் புழுதி கண்ணுக்குள், வேட்டி காலுக்குள், மாட்டை ஓட்டிக்கொண்டு எதிரே வந்த கந்தப்பு நின்று, 'என்ன வாத்தியார், துரை வாறாரோ, இந்த ஓட்டம்?' என்று கேட்டார். 'இல்லை அண்ணை, துரை போறார்' என்று சொல்லிக்கொண்டே ஓடினான், அந்த மனிதருக்கு என்ன விளங்கியிருக்கும், யாருக்குத்தான் என்ன விளங்குகிறது. பச்சை. கபிலம். பச்சை தெரியாததைத் தெரியாது என்றாவது ஒத்துக்கொள்கிறது, நாலு கட்சி இருக்கிறது என்கிறது, கபிலத்துக்கு எல்லாம் தெரியும், எல்லாம் தெரிந்தவர்களோடு எனக்கென்ன கதை… எல்லாம் தெரிந்தவனாக அப்புவுக்கு முன்னால் நின்றது யார், அன்றைக்கு நீயே ஒரு கபிலப் புத்தகம்தானே இன்னாசித்தம்பி, நானே விளங்கிக்கொள்ளுவன் என்று அட்டை போட்ட புத்தகம். அப்படியானால் பச்சை. முடிந்தது. கல்வேலி மறைப்பில் நின்று தாளை முழங்காலில் விரித்துப் பென்சிலை ஊன்றினான், பச்சை என்று எழுத ப போட்டால் போதும், ஒன்பதாம் புத்தகத்தின் பின்னிணைப்பைத் திறக்க, நாலாம் புத்தகத்தைப் பார்க்கவும் என்று அதில் இருந்தால்? ஒரு ப எழுத ஏலவில்லை. முப்பது வயது மனிதனுக்கு ஒரு ப எழுத ஏலவில்லை! தாளைத் திரும்பவும் மடித்து வைத்துக்கொண்டு ஓடினான், தன்மேல் வந்த கோபத்தில் கண் கலங்கியது, புழுதி என்று வைத்துக்கொள்ளலாம்.

மாவிலித்துறையில் வத்தை இல்லை. பாயை விரித்துக்கொண்டு ஆழத்துக்குப் போயிருந்தது. 'சின்னக்குட்டியண்ணை! அண்ணை, கொஞ்சம் நில்லுங்கோ!' காற்று இவன் பக்கமிருந்து போகிறது, குரல் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும், தண்டையல் திரும்பிப் பார்த்தார், கையை உயர்த்திப் பாயைக் காட்டினார், ஏதோ சொன்னார், அது திரும்பி வரவில்லை, காற்றுக்கு எதிர்த்து எதுவும் கரைக்கு வராது. கொண்டுவா என்கிறாரா, அடுத்த கிழமை பார் என்கிறாரா… அடுத்த கிழமை துரை கடலில் இருப்பார், பன்னிரண்டும் ஆறும் தியாகலிங்கத்தின் அலுமாரியில் துடைத்து அடுக்கியிருக்கும். மாதிரிப் புத்தகங்களையாவது அனுப்பாவிட்டால் கள்ளன் என்றல்லவா போதகர் நினைப்பார், பலத்த காற்றுக்குப் பாயைச் சுருக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், வத்தை மெதுவாகத்தான் போகிறது, இப்போதே ஒரு வள்ளம் போனால் பிடிக்கலாம், வள்ளத்துக்கு எங்கே போவது என்று கரையைப் பார்த்தான். ஒரே ஒரு வள்ளம் நின்றது, அரையளவு தண்ணீரில், அதில் கச்சையோடு நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர் இறைப்பதை நிறுத்திவிட்டு இவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இவன் கையில் இருந்த புத்தகச் சுற்றைப் பார்த்தார், வத்தையைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் வாய்க்கருகில் குவித்து, 'கொண்டாரும், வாத்தியார்! குடுத்துவிடுறன்!' என்று கூப்பிட்டார். கொண்டாரும். அப்புவின் அந்த ம் காற்றையும் தாண்டி வந்தது.

இறங்கினான். சுற்றைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, முழங்கால், தொடை, அடியில் கல் வழுக்குகிறது, பார்த்து, பார்த்து, சின்ன வயதில் இந்தக் கல்லெல்லாம் கால் அறியும், இப்போது சப்பாத்துக்குப் பழகிய கால்… சப்பாத்து எங்கே, கரையில் கிடக்கிறது, எப்போது கழற்றினான், தெரியவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது ஏதோ காலைச் சுற்றி இழுத்தது, பாசி என்று குனிந்து பார்த்தான், சால்வை. தோளில் கிடந்த சால்வை இடுப்பில் இருந்தது, இறுக்கிச் சுற்றி, முடிச்சுப் போட்டு, மிச்சத் துணி தண்ணீரில் அலைந்துகொண்டு. இதை யார் கட்டியது? இரண்டு கையிலும் சுற்று, இவன்தான் கட்டியிருக்கவேண்டும், கரையில் நின்றபோது, அப்பு கூப்பிட்ட பிறகு, சுற்றைக் கீழே வைத்து… பெரியவருக்கு முன்னால் போகிறவன் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டுவான், அது ஊர் வழக்கம், கடலுக்குள் இறங்குகிறவன் கட்டுவானா, மதலேனா கண்டால் இன்னொரு தரம் பனங்கூடல் வரைக்கும் சிரிப்பாள். ஏன் கட்டினேன்? மரியாதையா, வெட்கமா, பயமா, அப்புவுக்கு முன்னால் இந்த நாலு வருசத்தை ஏதாவது ஒரு துணியால் மூடவேண்டும் என்றிருந்ததா… நாலு கட்சி! கட்டினவனையே நிறுத்திக் கேட்டாலும் நாலு கட்சிதான், பச்சைப் புத்தகக்காரனே, உன்னைக் கண்டபாட்டுக்கு ஏசினேனே.

அப்பு குனிந்து சுற்றை வாங்கினார். கன்னத்தில் வெற்றிலை, மார்பு மயிர் முழுக்க நரைத்துவிட்டது, இதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை. 'கடிதம் ஏதும் இருக்கோ?' என்று கேட்டார். சட்டைப்பையில் தாள் இருந்தது, கீழ்ப்பாதி நனைந்து, எனக்கு விருப்பமான வரிசை, அதற்குப் பிறகு ஒன்றுமில்லாமல். 'இல்லை. புத்தகம் மட்டும்தான்.' சொன்ன பிறகுதான் பன்னிரண்டும் போயிற்று, ஆறும் போயிற்று என்று உறைத்தது, தியாகலிங்கத்தின் முகம் வந்தது, வயிறு ஒருதரம் எரிந்தது, எரிந்துவிட்டு நின்றது. அப்பு இவன் முகத்தைப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், நனைந்த சால்வையை, முடிச்சை, பார்க்கிற நேரத்துக்கு மேலேயே பார்த்தார். 'விளங்கினதே?' என்று கேட்டார். எதைக் கேட்கிறார், இராயப்பரையா, இந்தச் சால்வையையா, நாலு வருசத்தையும் சேர்த்தா… ஏதாவது சொல்லலாம், நாலு கட்சியில் ஒன்றைச் சொல்லலாம், பின்னிணைப்பைப் பார்க்கச் சொல்லலாம். 'இல்லை, அப்பு' என்றான், 'ஒண்டும் விளங்கேல்லை.' அப்பு திரும்பிச் சுற்றை வள்ளத்தின் முன் அணியத்தில் ஈரம்படாத இடமாகப் பார்த்து வைத்தார், உள்ளங்கையைத் தொடையில் துடைத்தார், கையை நீட்டினார். என்னவோ சொன்னார். ஏறு என்றாரா, ஏறும் என்றாரா? காற்று இவன் முதுகுப் பக்கமிருந்து வந்து சொல்லின் வாலைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது, ம் என்றால் உதடு மூடவேண்டும், மூடியதா, வெற்றிலை குதப்புகிற வாய், அது மூடிக்கொண்டும் திறந்துகொண்டும்தான் இருந்தது. இன்னொருதரம் சொல்லுங்கோ என்று கேட்க வாயெடுத்தான். கை நீட்டியபடி நின்றது. அதைப் பிடித்தான்.